மலையேறிய பிரஷர்

சனிக்கிழமை காலையில் கோவையின் தடாகம் ரோட்டில் நின்று பார்த்தால், கார்கள் வரிசையாக மேற்கே போய்க்கொண்டிருக்கும். கணுவாய், சின்னத்தடாகம், மாங்கரை செக்போஸ்ட் எல்லாம் தாண்டி வளைவுகளில் ஏறினால், கோவையிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில் ஆனைகட்டி. அந்தக் கார்களில் இருப்பவர்களில் பலருக்கு டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருப்பார்: "கொஞ்சம் நடங்க, டென்ஷனைக் குறைங்க, எண்ணெயைக் குறைங்க." அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் மலைக்கு வருகிறார்கள். கண்ணாடியை இறக்கி ஒரு மூச்சு இழுத்துக்கொள்வார்கள். வழியில் இரண்டு பஜ்ஜி, ரிசார்ட்டில் மத்தியானம் பிரியாணி, ஒரு குட்டித் தூக்கம், சாயங்காலம் இறக்கம். நடந்த தூரத்தை அளந்தால் கார் கதவிலிருந்து சாப்பாட்டு மேஜை வரைதான் வரும்.

காற்று நல்ல காற்றுதான், அதில் சந்தேகமில்லை. சலீம் அலி பறவையியல் மையம் இங்கேதான் இருக்கிறது. தயானந்த சரஸ்வதி சுவாமிகளின் ஆர்ஷ வித்யா குருகுலமும் இந்த மலையடிவாரத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. கொடுங்கரைப் பள்ளம் என்ற ஓடை ஊரை இரண்டாக வகுக்கிறது. இந்தப் பக்கம் கோவை மாவட்டம், அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியின் சோலையூர் பஞ்சாயத்து. பாலத்தைத் தாண்டினால் கடைப் பலகை மலையாளத்துக்கு மாறும், பரோட்டாவோடு பழம்பொரியும் சேர்ந்துகொள்ளும். பேச்சு மட்டும் அவ்வளவு சீக்கிரம் மாறாது. பழங்குடிகளான இருளர் குடும்பங்களுக்கு இரண்டு கரையிலும் சொந்தம், இரண்டு கரையிலும் சம்பந்தம்.

கீழே இருந்து வருகிறவர்கள் மனதில் ஒரு கணக்கு உண்டு. மலைச்சனத்துக்கு நோய் நொடி கிடையாது, ராகி தின்கிறார்கள், காட்டில் நடக்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் மாரடைப்பு எங்கே வரப்போகிறது? கேட்க இனிமையான கணக்கு. ஆனால் தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பு ஒன்பது மாநிலங்களில் பழங்குடி மக்களின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தபோது வேறு கணக்கு வந்தது. 2015ல் வெளியான அந்த ஆய்வின்படி, வயது வந்தவர்களில் நான்கில் ஒருவருக்குச் சற்று மேல் பிரஷர் இருந்தது. கேரளத்துப் பழங்குடிகளிடம் அது மூன்றில் ஒருவரைத் தாண்டியது. தனக்கு பிரஷர் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தவர்களோ மிகச் சொற்பம். புகையிலை, மது, கூடிவரும் எடை, ஏறும் வயது எல்லாம் அதோடு பிணைந்து நின்றன. கீழே நகரத்தில் எதெதெல்லாம் காரணமோ, மேலேயும் அதேதான்.

ஆக, மலை யாரையும் காப்பாற்றவில்லை. மலையில் ஒரு காலத்தில் இருந்த வாழ்க்கை காப்பாற்றியது. அந்த வாழ்க்கையில் யாரும் இதயத்துக்காக எதையும் செய்யவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. தண்ணீருக்கு நடந்தார்கள், ஆட்டுக்குப் பின்னால் நடந்தார்கள், காட்டில் விளைந்ததைத் தின்றார்கள், வேறு இல்லாததால். "நல்ல பழக்கம்" என்று நாம் இன்று கஷ்டப்பட்டுக் கடைப்பிடிக்கிற ஒவ்வொன்றும் அவர்களுக்கு வேறு வழியில்லாமல் வந்தது. வழிகள் திறந்ததும் பழக்கமும் போனது. மன உறுதி இல்லாததால்தான் நமக்குத் தொப்பை போடுகிறது என்று தன்னைத்தானே திட்டிக்கொள்ளும் நகரத்துக்காரர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ரோடு கேட்ட ஊர்கள்

ஆனைகட்டியைச் சுற்றி ஜம்புகண்டி, கொண்டனூர், பனப்பள்ளி, தூமனூர், சேம்புக்கரை என்று சிற்றூர்கள். இவற்றில் தூமனூரும் சேம்புக்கரையும் நல்ல ரோடு கேட்டு நெடுநாள் குரல் கொடுத்த ஊர்கள். தேர்தல் சமயத்தில் செய்தித்தாளில் பெயர் வரும், பிறகு அடங்கிவிடும். பிரசவ வலி வந்தவரையும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரையும் கல்லும் முள்ளுமான வழியில் இறக்க வேண்டிய நிலையில், ரோடு கேட்பது நியாயத்திலும் நியாயம்.

ஆனால் ரோடு ஒரு கையால் கொடுப்பதை மறு கையால் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ரோடு வந்த மறு வருடம் தவணையில் பைக் வரும். ரேஷனுக்கும் சந்தைக்கும் நடந்த கால்கள் பெட்ரோலுக்கு மாறும். இது மலைக்கு மட்டும் வந்த விதி அல்ல. கோவையில் பக்கத்துத் தெரு மளிகைக்கு ஸ்கூட்டர் எடுப்பவர்களுக்கும் இதேதான் நடந்தது, ஒரு தலைமுறைக்கு முன்னால்.

உடல் அசைவு இதயத்தைக் காக்கும் என்று முதன்முதலில் உறுதியாகச் சொன்னவர் லண்டனில் வேலை பார்த்த ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர். 1953ல் அவர் வெளியிட்ட ஆய்வு பஸ்காரர்களைப் பற்றியது. லண்டன் மாடி பஸ்ஸில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி ஏறி இறங்குவார், ஒரு நாளைக்கு ஐந்நூறு படிக்கு மேல். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே சம்பளம். டிரைவர்களுக்கு வந்த இதய நோய் கண்டக்டர்களுக்குக் குறைவாக வந்தது, வந்தாலும் அவ்வளவு கடுமையாக வரவில்லை. கண்டக்டர்கள் யாரும் உடற்பயிற்சி செய்யவில்லை, வேலை பார்த்தார்கள். நம் ஆனைகட்டி பஸ்ஸுக்கு மாடி இல்லை. ஆனால் வளைவில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி முன்னும் பின்னும் போய்வருகிற கண்டக்டரையும், அவருக்கு முன்னால் சீட்டில் அசையாமல் இருக்கிற டிரைவரையும் அடுத்த முறை பாருங்கள்.

இன்னொரு காட்டுச் சனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொலிவியாவின் அமேசான் காட்டில் சிமானே என்ற மக்கள் இருக்கிறார்கள். 2017ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு அவர்களில் 705 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. நூற்றுக்கு 85 பேரின் இதயக் குழாயில் சுண்ணாம்புப் படிவு துளியும் இல்லை. உலகில் இதுவரை பார்த்ததிலேயே இவ்வளவு சுத்தமான குழாய்கள் வேறு எந்த மக்களிடமும் இல்லை என்றார்கள். இத்தனைக்கும் அவர்கள் சாப்பாட்டில் பெரும்பங்கு மாவுச்சத்துதான்: அரிசி, வாழை, மரவள்ளி, மக்காச்சோளம். சோற்றை மட்டும் வில்லனாக்கி ஒதுக்குகிற நம் ஊர் டயட்காரர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ தெரியாது. சிமானே ஆண்கள் ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் உடலை அசைத்துக்கொண்டிருக்கிறார்கள். புகை பிடிப்பவர்கள் அபூர்வம்.

நம்மால் ஆறு மணி நேரம் முடியாது. முடியவும் வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடம், பேசிக்கொண்டே போகலாம் ஆனால் பாட முடியாது என்கிற அளவு வேகத்தில். 10,000 காலடி என்று கைக்கடிகாரம் மிரட்டுகிறதே, அந்த எண் 1965ல் ஜப்பானில் காலடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வந்தவர்கள் பிரபலமாக்கியது. மருத்துவம் கண்டுபிடித்த எண் அல்ல. 2019ல் அமெரிக்காவில் வயதான பெண்களிடம் செய்த ஆய்வில், நாளுக்கு சுமார் 4,400 காலடி நடந்தவர்களுக்கே சாவு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 காலடிக்கு மேல் பெரிய கூடுதல் லாபம் தெரியவில்லை. பத்தாயிரம் முடியாது என்று செருப்பைக் கழற்றிப் போட்டவர்கள் மறுபடி மாட்டிக்கொள்ளலாம். தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டியது. நல்ல முயற்சி. ஆனால் நடப்பதற்காக வண்டி எடுத்துக்கொண்டு போய் நடந்துவிட்டு வண்டியில் திரும்புவதைவிட, வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடப்பது நிலைத்து நிற்கும். முதலாவதற்கு ஒவ்வொரு நாளும் மனதைத் தேற்ற வேண்டும். இரண்டாவதற்கு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் போதும்.

களி, கல்லுப்பு, கருவாடு

கொதிக்கிற தண்ணீரில் ராகி மாவைக் குவியலாகக் கொட்டி, கிளறாமல் சற்று நேரம் விடுவார்கள். நடுவே துடுப்பால் ஒரு குழி. அதன் வழியாகத் தண்ணீர் குமிழி விட்டு மேலே வரும். பிறகுதான் கிண்டல் ஆரம்பம். பானையைக் காலால் அணைத்துக்கொண்டு இரண்டு கையாலும் துடுப்பைச் சுழற்ற வேண்டும், கட்டி தட்டாமல். தோள் கழன்றுவிடும். கையைத் தண்ணீரில் நனைத்து உருட்டி வைத்தால் களி பளபளவென்று நிற்கும். தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல், இல்லையென்றால் அவரைக் கொட்டைக் குழம்பு. ஒரு வேளைச் சமையலே ஒரு வேளை உடற்பயிற்சி.

அட்டப்பாடி இருளர்கள் ஒரே காட்டில் ராகி, சாமை, தினை, கீரை, துவரை, அவரை என்று கலந்து விதைத்தவர்கள். பிறகு நிலம் கை மாறியது, மழை மாறியது, ரேஷன் அரிசி வந்தது. பசியை ஆற்றிய அரிசியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2013ல் அட்டப்பாடியில் பச்சைக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்து நாடே திரும்பிப் பார்த்தது, அதற்குக் காரணங்களில் ஒன்று தாய்மாரின் சத்துக் குறைவு. ஆனால் மூன்று வேளையும் பாலிஷ் போட்ட அரிசி என்று ஆனபோது தட்டில் நார்ச்சத்து இறங்கிவிட்டது. நூறு கிராம் ராகியில் நார்ச்சத்து சுமார் 11 கிராம், வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட இல்லை. கேரள அரசு 2017ல் அட்டப்பாடியில் சிறுதானிய கிராமம் என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது இதனால்தான். அட்டப்பாடித் துவரைக்கும், ஆட்டுக்கொம்பு போல வளைந்த அட்டப்பாடி ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பருப்பும் பயறும் அவரையும் கெட்ட கொழுப்பை இறக்கும் என்பது நன்றாக நிரூபணமான விஷயம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் சொன்ன தட்டில் ஒரு நாளைக்கு 85 கிராம் பருப்பு வகை இருக்கிறது. நம் வீட்டு சாம்பாரில் ஆளுக்கு எவ்வளவு பருப்பு விழுகிறது என்று அளந்து பாருங்கள், சிரிப்பு வரும்.

சிறுதானியம் என்றதும் நகரத்தில் நடக்கிற கூத்தையும் சொல்லிவிட வேண்டும். மாவாக அரைத்துக் காய்ச்சி, வெல்லம் போட்டு, 'ஹெல்த் மிக்ஸ்' என்று கண்ணாடி டம்ளரில் குடிக்கிறோம். ராகி பிஸ்கட்டில் ராகியைவிட மைதாவும் சர்க்கரையும் அதிகம் இருப்பது வழக்கம். நைசாக அரைத்த மாவுக் கஞ்சி சர்க்கரையை வேகமாக ஏற்றும். பெயர் மட்டும் ராகியாக இருந்தால் இதயம் ஏமாறாது.

இனி உப்பு. இதயத்தைக் கெடுப்பதில் எண்ணெய்க்கு இருக்கிற கெட்ட பெயர் உப்புக்கு இல்லை. இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டி. இந்தியர்கள் சராசரியாக அதைப் போல இரண்டு மடங்கு சாப்பிடுகிறோம். குழம்பில் போடுவது மட்டும் கணக்கல்ல. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், மிக்சர், மலையில் மழைக்காலத்துக்குக் கை கொடுக்கிற கருவாடு, பாலத்துக்கு அந்தப் பக்கம் உணக்க மீன், எல்லாம் சேர்த்தி. அதிக உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், ரத்தத்தின் கன அளவு கூடும், குழாய் மீது அழுத்தம் ஏறும். சொட்டுநீர்க் குழாயில் மோட்டாரைக் கூடுதல் வேகத்தில் விட்டால் என்ன ஆகும் என்று விவசாயிக்குச் சொல்லத் தேவையில்லை. குழாய் உடனே வெடிக்காது. உள்சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், அந்தத் தேய்ந்த இடத்தில்தான் கொழுப்பு ஒட்டும். பிறகு ஒரு நாள் அந்தப் படிவு கிழிந்து, மேலே ரத்தம் உறைந்து, வழி அடைபடும். அதுதான் மாரடைப்பு.

சீனாவின் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் ஒரு சோதனை நடந்தது, முடிவு 2021ல் வந்தது. பாதி கிராமங்களுக்குச் சாதாரண உப்பு, பாதி கிராமங்களுக்கு நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் கலந்த உப்பு. யாருக்கும் பெரிய உபதேசம் இல்லை, சமையலும் அவர்கள் பாட்டுக்கு. பொட்டாசியம் உப்புக் கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. இந்த உப்பு நம் கடைகளிலும் கிடைக்கிறது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

எண்ணெயில் இந்த எல்லையூரில் ஒரு பழைய சண்டை உண்டு: கடலை எண்ணெயா, தேங்காய் எண்ணெயா? தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறை கொழுப்பு, அதனால் அளவு பார்த்து ஊற்றுவது நல்லது. ஆனால் என் கட்சி வேறு. எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு எண்ணெய் என்பதும், எத்தனையாவது தடவை காய்கிற எண்ணெய் என்பதும் பெரிய கேள்வி. ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு ஆளுக்கு நாளுக்கு 27 கிராம். நான்கு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர். வீட்டு மளிகைச் சீட்டை எடுத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். பஜ்ஜிக் கடையில் காலையிலிருந்து கருகிக்கொண்டிருக்கும் சட்டிக்கு இந்தியச் சட்டமே 2018ல் ஒரு வரம்பு வைத்தது. மறுபடி மறுபடி காய்ச்சிக் கெட்ட எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 முதல் 2 சதவீத உச்சவரம்பு. பேக்கரி பப்ஸ் தின்பவர் இந்தச் சட்டத்தைப் படித்திருக்க மாட்டார். ஆனாலும் அவர் தின்கிற பப்ஸில் விஷம் குறைய வேண்டும் என்பதற்குத்தான் அந்தச் சட்டம்.

கடையை மூட வைத்த தாய்மார்

அட்டப்பாடியில் மதுவிலக்கு அமலில் இருக்கிறது. ஆனால் கொடுங்கரைப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் டாஸ்மாக் இருந்தது. மாலையானால் பாலம் தாண்டிக் கூட்டம் வரும், கூலி அங்கேயே கரையும். 2016ல் அட்டப்பாடியின் தாய்க்குல சங்கத்துப் பழங்குடிப் பெண்கள் பாலம் தாண்டி வந்து அந்தக் கடை முன்னால் உட்கார்ந்தார்கள். கடை மூடப்பட்டது. குடியை அது அடியோடு ஒழித்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. தூரம் போய் வாங்குகிறவர்கள் போகத்தான் செய்வார்கள். ஆனால் தினமும் கண்ணெதிரே திறந்திருக்கும் கடைக்கும், பஸ் ஏறிப் போக வேண்டிய கடைக்கும் வித்தியாசம் உண்டு. மது பிரஷரை ஏற்றும், இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என 2023ல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. அந்தப் பெண்கள் புருஷன்மாரிடம் வாங்கும் அடியையும் வீட்டுப் பட்டினியையும் நினைத்துத்தான் வந்து உட்கார்ந்தார்கள். இதயநோய்த் தடுப்புத் திட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டு அல்ல. ஆனாலும் இந்த மலையில் நடந்த ஆகப் பெரிய இதயநோய்த் தடுப்பு வேலைகளில் அது ஒன்று என்பேன்.

பின்லாந்தில் வட கரேலியா என்ற மாகாணத்தில் ஒரு காலத்தில் நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். மரம் வெட்டுகிறவர்கள், உழவர்கள், உடம்பால் உழைக்கிறவர்கள்தான். ஆனால் தட்டு நிறைய வெண்ணெய், உப்பு, கை நிறைய சிகரெட். 1972ல் பெக்கா புஸ்கா என்ற இளம் டாக்டர் தலைமையில் வேலை தொடங்கியது. அவர் நோயாளிகளைத் திட்டவில்லை. பால் பண்ணையோடும் இறைச்சிக் கடையோடும் பேசினார், இல்லத்தரசிகள் சங்கத்தைப் பிடித்தார், மாட்டுக்காரர்களை பெர்ரிப் பழம் பயிரிட வைத்தார். நாற்பது வருடத்தில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய்ச் சாவு எண்பது சதவீதத்துக்கு மேல் இறங்கியது. அட்டப்பாடித் தாய்மாரும் அந்தப் பின்லாந்துக்காரரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள்.

புகையிலைக்கு இன்னும் அப்படி ஒரு முற்றுகை வரவில்லை. பீடி வெளியே தெரியும், வெற்றிலையோடு மெல்லும் புகையிலை கண்ணுக்குத் தப்பிவிடும். மடியில் சுருக்குப்பை இல்லாத பாட்டியைக் காண்பது அரிது. மெல்லும் புகையிலை நுரையீரலைத் தொடுவதில்லை, அதனால் ஆபத்தில்லை என்று ஒரு நினைப்பு. நிக்கோடினுக்கு எந்த வழியாக ரத்தத்துக்குப் போனாலும் ஒன்றுதான். பீடியை விட்டவருக்கு ஒரே வருடத்தில், புகையால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்தில் பாதி இறங்கிவிடுகிறது.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு இடர்: தூக்கம். ஆனைகட்டி வட்டாரத்தில் சோளமோ வாழையோ போட்டவர் இரவில் நிம்மதியாகப் படுக்க முடியாது. யானை வரும். பரண் மேல் டார்ச்சும் தகரமும் வைத்துக்கொண்டு விடிய விடிய காவல். அமெரிக்க இதயச் சங்கம் 2022ல்தான் இதய நலத்துக்கான தன் பட்டியலில் தூக்கத்தையும் சேர்த்தது. ஏழு முதல் ஒன்பது மணி நேரம் என்றது. இரவுத் தூக்கம் தொடர்ந்து கெட்டால் பிரஷர் ஏறும், சர்க்கரையும் ஏறும். கீழே கோவையில் இரவு ஷிப்டுக்குப் போகிறவருக்கும், மேலே பரணில் தகரம் தட்டுகிறவருக்கும் ஒரே பாடு. இதற்கு "சீக்கிரம் படுங்கள்" என்று எழுதி என்ன புண்ணியம்? யானை வழித்தடம் காக்கப்படுவதும், பயிர் நஷ்டஈடு காலத்தில் வருவதும்தான் அந்த விவசாயியின் இதயத்துக்கு மருந்து.

"சரியாயிருச்சுங்க அம்மிணி"

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பெண் தன்னார்வலர் ஒருவர் பிரஷர் கருவியோடு வீட்டுக்கே வந்து பார்த்து, மாத்திரையையும் கொடுத்துவிட்டுப் போவார். இந்தப் பக்கத்து ஊர்களில் அவருக்கு அன்றாடம் நடக்கிற உரையாடல் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்.

"ஏனுங்ணா, போன மாசத்து மாத்திரை அப்படியே இருக்குது?"

"சரியாயிருச்சுங்க அம்மிணி. தலை சுத்தலெல்லாம் ஒண்ணுமில்லீங்."

"பிரஷர் இருந்தா தலை சுத்தோணும்னு யாருங்ணா சொன்னது? கையை நீட்டுங்க." பட்டை இறுகுகிறது, காற்று இறங்குகிறது. "பாருங்க, நூத்தி அறுவது. மாத்திரை போட்டதனாலதான் போன தடவை நூத்தி முப்பது இருந்துச்சு."

"அப்ப சாகற வரைக்கும் போடோணுமா?"

"சோறு அப்படித்தானுங்களே திங்கறீங்க?"

பிரஷரின் பெரிய தந்திரம் அது வலிக்காது என்பதுதான். 140/90க்கு மேல் பல வருடம் இருந்தும் ஆள் தெம்பாக ஏர் பிடிப்பார். அறிகுறி வரும் நாளில் அது முதல் அறிகுறியாக இருக்காது, கடைசி நோயாக இருக்கும். 2004ல் 52 நாடுகளில் சுமார் 30,000 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று, முதல் மாரடைப்பின் ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்கை ஒன்பதே காரணங்களில் அடக்கிக் காட்டியது: புகையிலை, கெட்ட கொழுப்பு, பிரஷர், சுகர், தொப்பை, மன அழுத்தம், காய்கனி போதாமை, உடல் அசைவு போதாமை போன்றவை. அதே ஆய்வின் தெற்காசியக் கணக்கில்தான் நமக்கு அடி விழுந்தது. மற்ற நாட்டவருக்கு சராசரியாக 59 வயதை ஒட்டி வரும் முதல் மாரடைப்பு நம்மவர்களுக்கு 53லேயே வந்தது. முப்பது வயது தாண்டியவர் வருடம் ஒரு தடவையாவது பிரஷரும் சுகரும் பார்த்துக்கொள்வது இதனால்தான் முக்கியம். பாலத்துக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு கிடையாது.

வலி வந்த பிறகு

இவ்வளவும் செய்தவருக்கும் வரலாம். வந்தால் நம் ஊரில் முதலில் சொல்லும் வார்த்தை "வாயு". சோடா, ஓமத்தண்ணி, இஞ்சிச் சாறு, நெஞ்சில் தைலம், கொஞ்சம் படுத்துப் பார்ப்போம் என்று இரண்டு மணி நேரம் போய்விடும். நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்கல் எல்லாம் வந்தால் வாயுவா என்று வீட்டில் ஆராய வேண்டாம். பெண்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல், வெறும் களைப்பும் குமட்டலுமாகக்கூட வரலாம். இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும்.

ஆனைகட்டியில் இருக்கிறவருக்கு இது வெறும் வசனம் இல்லை. இதயக் குழாயைத் திறக்கும் பெரிய வசதி கோவையில், மலையும் முப்பது கிலோமீட்டரும் தாண்டி. ராத்திரியில் ரோட்டில் யானை நின்றால் அது நகரும் வரை வண்டியும் நிற்கும். இந்தத் தூரப் பிரச்சினைக்கு விடை தேடியவர்களில் ஒருவர் கோவையின் இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர். சின்ன மருத்துவமனையில் முதல் மருந்து, உடனே பெரிய மருத்துவமனைக்கு மாற்றம் என்று அரசோடு சேர்ந்து ஒரு வலைப்பின்னல் அமைத்தார்கள். 2017ல் வெளியான அதன் முடிவில், ஒரு வருடத்துக்குள் இறப்பவர்கள் நூற்றுக்கு 17.6லிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தார்கள். தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டம் 2023 ஜூனில் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டேட்டின் மாத்திரைகளை முதல் வேளையாகக் கொடுத்துவிட்டு அனுப்புகிறார்கள். கேரளப் பக்கம் அகளி போகும் வழியில் கோட்டத்தறை அரசு பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனை இருக்கிறது.

ஆகவே நேரே கோவைக்குத்தான் போவேன் என்று அடம் பிடிக்காமல், முதலில் ஈ.சி.ஜி. எடுக்கக்கூடிய பக்கத்து இடத்துக்குப் போங்கள். 108க்குச் சொல்லுங்கள், இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். நெஞ்சு வலித்தவர் தானே பைக் ஓட்டிக்கொண்டு மலை இறங்கக் கூடாது. பின்னால் ஒருத்தர் பிடித்துக்கொண்டு உட்காரலாம் என்பதும் வேண்டாம். அவர் பிரஷருக்கும் சுகருக்கும் போட்டுக்கொண்டிருந்த மாத்திரை அட்டைகளை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். போகிற இடத்து டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.